குருத்தணு குருத்தெலும்பாகும் வகை

உடலின் உறுப்புக்களுள், நோவு தோன்றும்வரை நாம் நினையாதவை பல. முழங்கால் மூட்டு அவற்றுள் ஒன்று. நடக்குங்கால், படியேறுங்கால், தரையிலமர்ந்து எழுங்கால் உடற்பாரத்தை அது ஓயாது தாங்குகின்றது. கமண்டல நாகநதியின் கரையிலமைந்த ஆரணியிலும், அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டு நெய்து வாழும் மக்கள் இம்மூட்டின் அருமையை நன்கறிவர். குழித்தறியில் அமர்ந்து, குழிக்குள் காலையிறக்கி, மிதியை மாறி மாறி மிதித்து நாளெல்லாம் நெய்பவருக்குக் கையும் கண்ணும் எத்துணை இன்றியமையாதனவோ, முழங்காலும் அத்துணை இன்றியமையாததே. வயது முதிர்ந்து மூட்டுத் தேய்ந்து, குழியினின்று எழுவதே பெரும்பாடாகும்போது தறி நின்றுவிடுகின்றது. தறி நின்றால் அடுப்பும் எரியாது. ஆகவே, தேய்ந்த மூட்டைப் புதுப்பிக்க இயலுமா என்னும் வினா ஆராய்ச்சிச் சாலைக்கு மட்டும் உரியதன்று. நம் தெருக்களுக்கும் உரியது.

அவ்வினாவுக்கு விடை தேடும் உயிர்நூல் வல்லார், குருத்தணு என்னும் ஒருவகை உயிரணுவைக் குருத்தெலும்பணுவாக வளர்த்துப் பார்க்கின்றனர். அங்ஙனம் வளருங்கால் அதன் மரபணுக்களின் செயலில் நிகழும் மாறுதல்கள் யாவை, அம்மாறுதல்களை அறிதலால் நமக்கு விளையும் பயன் யாது என்பவற்றை இக்கட்டுரையில் இயன்ற அளவு எளிமையாக எடுத்துரைக்க முயல்கின்றோம்.

குருத்தெலும்பின் இயல்பு

மூட்டில் ஒன்றோடொன்று கூடும் எலும்பு முனைகளை வழவழப்பான வெண்ணிறப் போர்வையொன்று மூடியிருக்கின்றது. அதுவே குருத்தெலும்பு. முழங்காலில் அதன் தடிப்பு பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையே. அதன் எடையில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு நீராகும். எஞ்சியவற்றுள் இரண்டு பொருள்கள் தலையாயன. ஒன்று, இரண்டாம் வகைக் கொலாஜன் என்னும் நார். மற்றொன்று, அக்ரிக்கன் என்னும் பெருமூலக்கூறு. கொலாஜன் வலைபோலப் பின்னி நிற்கின்றது. அக்ரிக்கன் அவ்வலைக்குள் நீரை ஈர்த்து வைக்கின்றது. பாரம் ஏறும்போது நீரிற் சிறிது வெளியேறும். பாரம் நீங்கியவுடன் மீண்டும் உட்புகும். இதனாலேயே மூட்டு அதிர்ச்சியைத் தாங்குகின்றது.

இவ்விரு பொருள்களையும் ஆக்கி அளிப்பவை குருத்தெலும்பணுக்கள். கொண்டிரோசைட் என்பர் மேனாட்டார். அவை தொகையிற் சிலவே. தாம் ஆக்கிய பொருளின் இடையே சிற்றறைகளில் தனித்துறைகின்றன. அங்கே இரத்தக் குழாயுமில்லை, நரம்புமில்லை. விரல் வெட்டுண்டால் இரத்தம் பாய்ந்து, பழுதுபார்க்கும் அணுக்கள் வந்து குழுமிப் புண்ணை ஆற்றுகின்றன. குருத்தெலும்புக்கு அவ்வுதவி கிட்டுவதில்லை. நரம்பின்மையால், தேய்வு தொடங்குங்காலத்துப் பலருக்கு நோவும் தோன்றுவதில்லை. ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீளாது என்பதை வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743-ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சொஸைட்டிக்கு அளித்த கட்டுரையிற் கூறினார். அக்கூற்று இன்றும் பெரும்பாலும் மெய்யாகவே நிற்கின்றது.

குருத்தணு யாது?

ஆயினும் இங்கே ஒரு கேள்வி எழும். தாய் வயிற்றிற் கருவாயிருந்தபோது இதே குருத்தெலும்பை இவ்வுடல் தானே ஆக்கிக்கொண்டதன்றோ? அன்று இயன்றது இன்று ஏன் இயலாது? இக்கேள்வியே ஆராய்ச்சியாளரைக் குருத்தணுவினிடத்துக் கொண்டுவந்தது.

இன்ன வகை அணுவாவது என்று இன்னும் முடிவு பெறாததும், தன்னைப் போன்ற அணுக்களைப் பெருக்க வல்லதும், தக்க சூழல் வாய்த்தால் வேறு வகை அணுவாக மாற வல்லதுமான உயிரணுவை ஸ்டெம் செல் என்பர். தமிழில் அது குருத்தணு எனப்படும். குருத்தெலும்பு என்னும் பெயர் மென்மை நோக்கியும், குருத்தணு என்னும் பெயர் முளைக்கும் ஆற்றல் நோக்கியும் வந்தவை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கலாகாது.

எலும்பு மஜ்ஜையில், எலும்பாக மாறவல்ல ஒருவகை அணுக்கள் உள்ளன என்பதை 1960-களில் ருஷிய நாட்டு அலெக்ஸாண்டர் பிரீடன்ஸ்டைன் காட்டத் தொடங்கினார். 1991-இல் அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து நகரத்து ஆர்னால்டு கேப்ளன் அவற்றிற்கு மெசன்கைமல் ஸ்டெம் செல் என்னும் பெயரை வழங்கினார். மஜ்ஜையின் அணுக்களுள் 10,000-க்கு ஒன்றாகவோ அதனினும் அரிதாகவோ இவை காணப்படும். இவை எலும்பாகலாம், கொழுப்பாகலாம், குருத்தெலும்பும் ஆகலாம். இம்மூன்றனுள் எதுவாவதென்பதை முடிவு செய்வது எது?

ஒரே பாவு, பல உருவம்

ஒரு மனிதருடைய தோலணு, ஈரலணு, குருத்தெலும்பணு ஆகிய மூன்றினுள்ளும் இருப்பவை ஒரே மரபணுக்களே. புரதங்களை ஆக்குதற்குரிய மரபணுக்கள் மனிதருக்குச் சுமார் 20,000 உள. குருத்தணு குருத்தெலும்பணுவாக மாறும்போது புதிய மரபணு ஒன்றும் வருவதில்லை. பழையது ஒன்றும் போவதில்லை. எந்த மரபணு எப்பொழுது, எவ்வளவு செயற்படுகின்றது என்பதே மாறுகின்றது. இதனை மரபணு வெளிப்பாடு என்பர்.

ஜக்கார்டுப் பெட்டி பூட்டிய தறியைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குதல் அரிதன்று. பாவு இழைகள் தறியில் அப்படியே கட்டப்பட்டிருக்கின்றன. மேலேயுள்ள பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. துளையுள்ள இடத்தில் ஊசி உட்புக, அதற்குரிய கொக்கி மேலெழுந்து இழையைத் தூக்குகின்றது. துளையில்லாத இடத்தில் இழை கீழேயே தங்குகின்றது. இடைப்பட்ட வழியில் ஊடை ஓட, கரையிலும் முந்தியிலும் உருவம் தோன்றுகின்றது. பாவை மாற்றாமலே அட்டைகளை மாற்றினால், அன்னமிருந்த இடத்தில் மயில் வரும். பிரெஞ்சு நாட்டு லியான் நகரத்து நெசவுத் தொழிலர் ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த பொறி இது. உயிரணுவிலும் மரபணுக்கள் பாவு போன்றவை. எவை தூக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்து அணுவின் உருவம் அமைகின்றது.

இவ்வுவமை ஓரளவே செல்லும். தறியில் அட்டைக்குத் துளையிடுபவர் ஒருவர் வெளியே இருக்கின்றார். உயிரணுவிலோ, சில மரபணுக்கள் ஆக்கும் புரதங்களே திரும்பிச் சென்று பிற மரபணுக்களைத் தூக்கவும் தாழ்த்தவும் செய்கின்றன. இவற்றை ஏவற் புரதங்கள் என்று நாம் குறிப்போம். மேலும், இழை மேலெழும் அல்லது தாழும். மரபணுவோ சிறிதாகவும் பெரிதாகவும், பல அளவுகளிற் செயற்படும்.

குருத்தெலும்பைப் பொறுத்தவரை ஏவற் புரதங்களுள் தலைமையானது சாக்ஸ்-9. அதன் மரபணுப் படிகள் இரண்டனுள் ஒன்று பழுதுபட்டாலும், குழந்தை வளைந்த கால் எலும்புகளோடும் குறுகிய மார்போடும் பிறக்கின்றது. பல குழந்தைகள் மூச்சுத் திணறிச் சிறிது காலத்திலேயே இறக்கின்றன. இவ்வரிய நோய்க்குச் சாக்ஸ்-9-இன் பழுதே காரணமென்பது 1994-இல் வெளியாயிற்று. 1999-இல், சாக்ஸ்-9 முற்றிலும் இல்லாத எலியின் அணுக்கள் குருத்தெலும்பாவதிற் பங்கு கொள்வதேயில்லை என்பதும் காட்டப்பட்டது.

சோதனைச் சாலையில் நிகழ்வது

மஜ்ஜைக் குருத்தணுக்களைக் குருத்தெலும்பாக்கும் முறையைக் கிளீவ்லாந்து நகரத்து ஆராய்ச்சியாளர் 1998-இல் வெளியிட்டனர். சுமார் இரண்டு லட்சம் அணுக்களை ஒரு சிறு குழாயிலிட்டுச் சுழற்றினால் அவை அடியிற் படிந்து ஒரு சிறு உருண்டையாகும். டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் வளர்ச்சிப் புரதத்தையும், டெக்ஸாமெத்தஸோன் என்னும் மருந்தையும், வைட்டமின் சி-யையும் கலந்த நீர்மத்தில் அவ்வுருண்டையை மூன்று வாரங்கள் வைத்திருப்பர். தட்டில் பரப்பாமல் உருண்டையாக்குவதற்குக் காரணமுண்டு. கருவிலும் கைகால்கள் முளைக்கும் இடத்தில் அணுக்கள் முதலில் நெருங்கிக் குழுமிய பின்னரே குருத்தெலும்பு தோன்றுகின்றது. அந்நெருக்கத்தையே உருண்டை போன்று காட்டுகின்றது.

முதற்சில நாட்களில், அணுவோடு அணுவை ஒட்டவைக்கும் புரதங்களின் மரபணுக்கள் எழுகின்றன. சாக்ஸ்-9 உயர்கின்றது, அதற்குத் துணையாகச் சாக்ஸ்-5, சாக்ஸ்-6 என்பனவும் வருகின்றன. இம்மூன்றும் கூடி, இரண்டாம் வகைக் கொலாஜனுக்கும் அக்ரிக்கனுக்கும் உரிய மரபணுக்களைத் தூக்குகின்றன. அடுத்து வரும் நாட்களில் இவற்றின் அளவு பன்மடங்கு பெருக, உருண்டை கெட்டிப்பட்டுப் பளபளப்புறுகின்றது. தோலிலும் தழும்பிலும் மிகுதியாயுள்ள முதலாம் வகைக் கொலாஜன் தணிய வேண்டும். அது தணியாவிடில் விளைவது மூட்டுக்குரிய குருத்தெலும்பன்று, நார்த்தழும்பேயாம்.

சூழல் மாறினால் வெளிப்பாடும் மாறும் என்பதற்கு இன்னொரு சான்றுண்டு. முதிர்ந்த குருத்தெலும்பணுக்களை எடுத்துத் தட்டையான பாத்திரத்தில் வளர்த்தால், அவை இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டு முதலாம் வகையை ஆக்கத் தொடங்குகின்றன. அவற்றையே மீண்டும் கூழ்ப்பொருளினுள் புதைத்து உருண்டை வடிவோடு இருக்கச் செய்தால் பழைய தொழிலுக்குத் திரும்புகின்றன. இது முயலின் அணுக்களைக் கொண்டு 1982-இல் காட்டப்பட்டது.

இம்மாறுதல்களை அளப்பது எங்ஙனம்? மரபணு செயற்படும்போது அதன் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் பொருளாகப் படியெடுக்கப்படுகின்றது. குறித்த நாட்களில் உருண்டையைக் கரைத்து ஆர்.என்.ஏ.-யைப் பிரித்து, அதனை டி.என்.ஏ.-யாகத் திருப்பி எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்காகும் வண்ணம் பெருக்குவர். 10 சுற்றில் ஒன்று 1,024 ஆகும். எத்தனையாவது சுற்றில் அது குறித்த அளவை எட்டுகின்றதோ, அதிலிருந்து தொடக்கத்தில் இருந்த அளவைக் கணிப்பர். விரைவில் எட்டினால் மிகுதி, தாமதித்தால் குறைவு. எவ்வணுவிலும் ஏறக்குறைய ஒரே அளவாயிருக்கும் மரபணுவொன்றை நிறைகல்லாக வைத்து ஒப்பிடுவதும் வழக்கம். இப்போது, ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செய்திகளை ஒருங்கே படிக்கும் கருவிகளும், அணுவணுவாகப் பிரித்துப் படிக்கும் முறைகளும் வந்துள்ளன.

நிறுத்துதலின் அருமை

இதுவரை கூறியதைக் கேட்பவர், காரியம் முடிந்தது என்றே எண்ணுவர். உண்மையான இடர் இதன் பின்னரே தொடங்குகின்றது.

கருவில் கைகால் எலும்புகளெல்லாம் முதலிற் குருத்தெலும்பாகவே தோன்றுகின்றன. பின்னர் அவ்வணுக்கள் பருத்து வீங்கிப் பத்தாம் வகைக் கொலாஜனை ஆக்குகின்றன. சுற்றிலும் சுண்ணம் படிகின்றது. இரத்தக் குழாய்கள் உட்புகுகின்றன. குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பு அமைகின்றது. குழந்தை உயர்ந்து வளர்வது இவ்வழியாலேயே. மூட்டின் முனையிலுள்ள மெல்லிய போர்வை மட்டும் இவ்வழியிற் செல்லாது, வாழ்நாள் முழுவதும் குருத்தெலும்பாகவே நிற்கின்றது.

மஜ்ஜைக் குருத்தணுக்களோ, சோதனைச் சாலையில் எலும்பாகும் வழியையே பற்றிக்கொள்கின்றன. இரண்டாம் வகைக் கொலாஜன் உயர்ந்துகொண்டிருக்கும்போதே, பத்தாம் வகைக் கொலாஜனின் மரபணுவும் எழுந்துவிடுகின்றது. ரன்எக்ஸ்-2 என்னும் ஏவற் புரதமும், நாரை அரிக்கும் எம்.எம்.பி.-13 என்னும் நொதியும் உடன் வருகின்றன. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தார் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்தகைய உருண்டைகளை எலியின் தோலடியில் வைத்தபோது அவற்றிற் சுண்ணம் படிந்து இரத்தக் குழாய்களும் புகுந்தன. மூட்டின் முதிர்ந்த அணுக்களாலான உருண்டைகளோ அவ்வாறு மாறவில்லை. வளரும் குழந்தையின் காலுக்கு எது நன்மையோ, முதியவர் முழங்காலுக்கு அதுவே தீமையாகும். மூட்டில் வைத்த புதுக் குருத்தெலும்பு எலும்பாக இறுகினால், நோவு நீங்காது பெருகும்.

பருத்தலைத் தடுக்க உடலிலேயே ஒரு கடிவாளம் உண்டென்பது 1996-இல் தெளிவாயிற்று, அது பி.டி.ஹெச்.ஆர்.பி. என்னும் சுரப்பு. அதனைக் குழாயிற் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு முழு வெற்றி கிட்டவில்லை. பருத்தல் அடங்கும்போது குருத்தெலும்பாதலும் சேர்ந்து தளர்வதுண்டு. ஆகவே இத்துறையின் உயிர்நிலையான வினா, குருத்தெலும்பைத் தொடங்குவது எங்ஙனம் என்பதன்று. அந்நிலையில் நிறுத்துவது எங்ஙனம் என்பதே. மரபணு வெளிப்பாட்டை நாள்தோறும் அளந்து அறிவதன் தேவையும் இங்கேதான் விளங்குகின்றது. கண்ணுக்குக் குருத்தெலும்பாகத் தோன்றும் உருண்டைக்குள் எலும்பாகும் செய்தி எழுந்துவிட்டதா என்பதை அவ்வளவையே முன்னதாக அறிவிக்கின்றது.

வேலூரும் பட்டும்

இவ்வாராய்ச்சிக்கு நாம் மேல்நாட்டையே நோக்க வேண்டியதில்லை. ஆரணிக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரு கட்டிலோடு தொடங்கி, 1918-இல் மகளிர்க்கு மருத்துவப் பள்ளியும் நிறுவிய பணி, இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகத் தழைத்திருக்கின்றது. அதன் பாகாயம் வளாகத்தில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் துணையோடு குருத்தணு ஆராய்ச்சி மையம் ஒன்றும் இயங்குகின்றது.

மூட்டுக் குருத்தெலும்பின் மேற்பரப்பிலேயே குருத்தணுப் போன்ற சில அணுக்கள் மறைந்துள்ளன என்பதை, 2004-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தார் கன்றுகளின் மூட்டிற் கண்டனர். ஃபைப்ரோனெக்டின் என்னும் புரதம் பூசிய தட்டில் விரைந்து ஒட்டிக்கொள்ளும் தன்மையால் அவை பிரிக்கப்படுகின்றன. வேலூர்க் கல்லூரியின் ஆராய்ச்சியாளர் மனித மூட்டிலிருந்து இத்தகைய அணுக்களைப் பிரித்தெடுத்து, மஜ்ஜைக் குருத்தணுக்களோடும் முதிர்ந்த குருத்தெலும்பணுக்களோடும் அவற்றின் மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்டுக் கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். எலும்பாகும் போக்குக் குறைந்த அணுவைத் தேர்ந்தால், நிறுத்தும் தொல்லையும் குறையும் என்பதே இம்முயற்சியின் கருத்து.

ஆரணியின் பட்டுக்கும் இத்துறையில் இடமுண்டு. கச்சாப் பட்டிழையின் உள்ளே ஃபைப்ராயின் என்னும் புரதமும், அதன்மேல் செரிசின் என்னும் பசையும் உள்ளன. சவுக்காரமும் சோடாவும் இட்டு வேகவைத்தால் பசை நீங்கி இழை மென்மையும் ஒளியும் பெறும். எடையிற் கால் பங்கு குறைந்துவிடும் என்பதைச் சாயமிடுவோர் யாவரும் அறிவர். அங்ஙனம் பசை நீக்கிய இழையை உப்புக் கரைசலிற் கரைத்துத் தூய்மையாக்கினால், கடற்பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளாகவோ கூழாகவோ வார்க்கலாம். அணுக்கள் தங்கி வளர அது சாரமாக அமைகின்றது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2005-இல் மஜ்ஜைக் குருத்தணுக்களைப் பட்டுச் சாரத்தில் குருத்தெலும்பாக வளர்த்துக் காட்டினர். டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நெசவியல் துறையார், பட்டுப் புரதத்தையும் ஜெலட்டினையும் கலந்து, அணுக்களோடு அடுக்கடுக்காக அச்சிட்டு, அச்சாரத்தில் குருத்தெலும்பாதலும் பருத்தலும் எங்ஙனம் ஒழுங்குபடுகின்றன என்பதை 2016-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். நெசவுத் துறையொன்று மூட்டு நோய்க்கு மருந்து தேடப் புகுந்தது நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆயினும் இவை சோதனைச் சாலையின் முயற்சிகள்; நோயாளிக்குரிய மருத்துவமாக இன்னும் கனியாதவை.

எச்சரிக்கை ஒன்று

கனியாத காயைக் கனியென்று விற்போரும் உளர். ஓர் ஊசியால் முழங்காற் குருத்தெலும்பு மீண்டும் முளைக்கும் என்னும் விளம்பரத்தை நம்பி, தறியையும் நகையையும் அடகு வைக்க எண்ணுபவருக்கு நாம் கூற வேண்டியது ஒன்றுண்டு. உட்செலுத்திய மஜ்ஜைக் குருத்தணுக்கள் பெரும்பாலும் தாமே குருத்தெலும்பாக நிலைப்பதில்லை. தாம் சுரக்கும் பொருள்களால் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதே ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. 1991-இல் அப்பெயரிட்ட கேப்ளனே, 2017-இல் அப்பெயர் மக்களை மயக்குகின்றதென்றும், அதனை மாற்ற வேண்டுமென்றும் எழுதினார்.

எல்லாம் பொய்யென்பதும் நம் கருத்தன்று. நோயாளியின் மூட்டினின்றே முதிர்ந்த அணுக்களை எடுத்து வளர்த்துக் குறையை நிரப்பும் முறையை ஸ்வீடன் நாட்டார் 1994-இல் வெளியிட்டனர்; காயத்தால் நேர்ந்த சிறு குறைகளுக்கு அது பயன்படுகின்றது; முற்றிய தேய்வுக்கு அதனை வழங்குவதில்லை. நம் நாட்டிலும், நடுத்தர நிலை முழங்கால் தேய்வுக்கெனக் குருத்தணுத் தயாரிப்பொன்று 2022-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி பெற்றது. ஆனால் அனுமதி பெற்றது ஒன்று. அதன் பெயரைச் சொல்லி விற்கப்படுவது வேறொன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை, ஒப்புக்கொள்ளப்படாத குருத்தணு முறைகளைப் பதிவு பெற்ற பரிசோதனைக்கு வெளியே நோயாளிக்கு அளித்தல் முறையன்றென விதிக்கின்றது. ஆகவே ஊசி போட்டுக்கொள்ளுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இத்தயாரிப்புக்கு அரசின் அனுமதி உண்டா? இது பரிசோதனையாயின் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இதன் எண் யாது? பரிசோதனையாயின் நோயாளியிடம் பணம் பெறுவது ஏன்? இம்மூன்றற்கும் நேரான விடை கிட்டாவிடத்து அவ்வூசியை ஏற்காதிருத்தலே அறிவுடைமை. உடல் எடையைக் குறைத்தல், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவை ஆகியவை இன்றும் நம்பத்தக்க துணைகளாக இருக்கின்றன.

முடிவுரை

ஒரு குருத்தணு குருத்தெலும்பணுவாவது ஒரு மருந்தால் நிகழும் மாயமன்று. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் உரிய முறையில் எழுந்தும் தாழ்ந்தும், உரிய இடத்தில் நின்றும் நிகழ்வது. எழுப்பும் வழியை 1998-இலேயே கண்டோம். நிறுத்தும் வழியை இன்னும் தேடுகின்றோம். ஓர் அட்டை முன்பின்னாக மாறினாலும் முந்தி கெட்டுவிடும் என்பதை நெசவாளர் நன்கறிவர். நம் கல்லூரியில் உயிர்நூலும் இரசாயனமும் பயிலும் மாணவர், அதே பொறுமையோடு இவ்வாராய்ச்சியிற் புகுவார்களாயின், வேலூர் அவர்களுக்குத் தொலைவன்று. அதுவரை, தத்தம் தெருவிலுள்ள முதியவர்களுக்கு மேற்கூறிய மூன்று கேள்விகளையும் எடுத்துச் சொல்வதே கற்றவர்கள் உடனே செய்யக்கூடிய தொண்டாகும்.